பால் பொந்துக்கு வந்த தொரசாணி

அக்கா ரோட்டோரத்தில் நிற்கிறாள். இரண்டு கையிலும் இரண்டு வாளி. வாளி நிறைய அன்று காலை வெட்டி எடுத்த ரப்பர் பால். இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு. அவளுக்குப் பின்னால் பத்துப் படி கீழே, பொந்தின் வாயில், முந்தின நாள்தான் பெயின்ட் அடித்த கம்பிக் கதவு. கதவில் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு.

பூட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். பிறகு எதிரில் ஆட்டோ ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்து ஆட்டோவின் முன் டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். காற்று இருந்தது. இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"டேய் பிரபு," என்று ரோட்டைத் தாண்டி அக்காவின் குரல் வந்தது. "ஒன் தொரசாணிகிட்ட சாவி இருக்கான்னு கேட்டு சொல்லுடா."

அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நிறைந்த வாளியோடு சிரித்தால் பால் தளும்பும். தளும்பிய பால் ரோட்டோரத்துப் புல்லில் வெள்ளைப் புள்ளி வைத்தது.

அக்கா சிரிக்கவில்லை. உடம்பையே ஒரு சுற்றுத் திருப்பி, வலது காதை வளைவின் பக்கம் கொடுத்து, வாகனம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்து, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்து, கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காது போய்விட்டிருந்தது. மேலிருந்து ரோட்டைக் கடந்தால் வளைவு இடது பக்கம். வேன்கள் சீறிக்கொண்டு வருவதும் அந்தப் பக்கம்தான்.

இத்தனை வருடமாக அது ஒரு பிரச்சினையே இல்லை. ஏனென்றால் அவள் ரோட்டைக் கடந்ததே இல்லை. ரோட்டுக்கு அடியில்தான் போனாள்.

அந்த அடிவழியைப் பூட்டவைத்தவன் நான்.

பொந்தின் விலாசம்

கொஞ்சம் பொறுங்கள், பொந்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன்.

கித்துல்கலையைத் தாண்டி ஹட்டன் பக்கம் ஏறுகிற பெரிய ரோட்டில், ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு டயர் கடை, ஒரு ஆட்டோ ஸ்டாண்ட் இவ்வளவும் சேர்ந்தால் அது எங்கள் டவுன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். தோட்டத்து ரப்பர் மரங்கள் ரோட்டுக்கு மேலே. பால் ஸ்டோர் ரோட்டுக்குக் கீழே. மரத்தில் வெட்டிய பாலை வெயில் ஏறுவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டுபோகாவிட்டால் அது வாளிக்குள்ளேயே கட்டியாகிவிடும். கட்டியான பாலை யாரும் பால் என்று எடுக்கமாட்டார்கள்.

அதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் ரோட்டுக்கு அடியில் கருங்கல் வைத்துக் கட்டிய வழிதான் எங்கள் பால் பொந்து. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். நீளம், ஒரு பாட்டின் முதல் நாலு வரியைப் பாடி முடிக்கிற தூரம். நான் பாடிப் பார்த்துத்தான் சொல்கிறேன். என் குரல் நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றிய ஒரே இடம் அதுதான்.

வாசனையைப் பற்றிக் கேட்காதீர்கள். புளித்த பால், அமோனியா, வவ்வால், யாரோ குடித்த பீடி. நாலும் கலந்தது. வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்துவார். எங்களுக்கு அது காலை பத்து மணியின் வாசனை.

பொந்தின் நடுவில் வலது பக்கச் சுவரில் ஒரு கல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பால் கொண்டுபோகிற பெண்கள் அங்கேதான் வாளியை இறக்கிக் கை மாற்றுவார்கள். கை மாற்றுவதற்கு முன்னால், விரலில் ஒட்டிய பாலை அந்தக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைப்பார்கள். விரலில் பால் இருந்தால் வாளிக் கைப்பிடி வழுக்கும், அதுதான் காரணம். தொடைக்கிற கல்லு என்று அதற்குப் பெயர்.

ஒரு நாளைக்கு ஒரு ஆள் துடைப்பது ஒரு பூச்சு. எத்தனை ஆள், எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. கல்லின் மேல் பால் ஏறி ஏறி, காய்ந்து காய்ந்து, பழுப்பு நிறத்தில் ஒரு பலாப்பழம் மாதிரி ரப்பர் வளர்ந்திருந்தது. அமுக்கினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வரும். என் அம்மாவின் விரல் அதற்குள் எங்கேயோ கீழ்ப்பூச்சில் இருக்கிறது. அம்மாவுக்கு அம்மாவின் விரல் அதற்கும் கீழே. அக்காவுடையது மேலே.

வெள்ளைக்காரன் ஏன் இதைக் கட்டினான் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். துரைமாரின் கார் மேலே போகும்போது, சாக்கு கட்டிய ஆட்கள் வாளியோடு குறுக்கே வந்து பாலைச் சிந்தி, ரோட்டை நாறடித்து, விருந்தாளிகளின் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தார்களாம். கண்ணில் படாமல் இருக்கக் கட்டியது. அவ்வளவுதான் வரலாறு. இரண்டு வரிகூட வராது.

அதுதான் பிரச்சினையே. இரண்டு வரி வரலாற்றைக் கேட்க யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

நான் பொய் சொன்ன மழைநாள்

போன வாரம் இந்தத் தொடரில் என் பள்ளிக்கூட வாழ்க்கையை எழுதியிருந்தேன். அத்தியாயம் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று பத்திரிகையிலிருந்து போன் எடுத்துக் குறைபட்டார்கள். பள்ளிக்கூடமே சீக்கிரம் முடிந்துவிட்டது, நான் என்ன செய்ய.

பரீட்சையில் வரலாற்றுப் பாடத்தில் நான் வாங்கிய புள்ளியைச் சொன்னால் இந்தத் தொடரையே நிறுத்திவிடுவார்கள். ஆனால் இன்றைக்கு அரசாங்கப் பலகையில் மூன்று மொழியில் இருக்கிற வரலாறு, நான் சொன்னது. எனக்குப் புள்ளி போட்ட வாத்தியார் பஸ்ஸில் போகும்போது அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்.

நடந்தது இதுதான். அடைமழை. கொழும்பிலிருந்து ஒருவர் ஆற்றில் ரப்பர் படகு ஓட்ட வந்திருந்தார். தலையில் தொப்பி, தொப்பியில் ஒரு கேமரா, கையில் இன்னொரு கேமரா. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதால் படகை விடவில்லை. என் ஆட்டோவில் ஏறினார். வழியில் பொந்தின் வாய் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"தம்பி, அது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒரு கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொல்வது எங்கள் ஸ்டாண்டில் தொழில் துரோகம். தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். அது இரண்டு வரி. மனிதர் மழையில் நனைந்து, படகும் இல்லாமல் பாவமாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் வேறு ஹயர் இல்லை.

"அது தொரசாணி சுரங்கம் சேர்," என்றேன்.

அதற்குப் பிறகு வாய் தானாக ஓடியது. ஒரு துரைக்கு ஒரு தொரசாணி. பால் மாதிரித் தோல். ஒரு நிமிஷம் வெயில் பட்டாலும் தீய்ந்துவிடும். தொரசாணிக்குத் தினமும் ஆற்றைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பங்களா மேலே, ஆறு கீழே, நடுவில் வெயில் ரோடு. மனைவிமேல் வைத்த அன்பால் துரை மலையையே குடைந்தான். தொரசாணி விளக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நடப்பாள். ஒருநாள் ஆற்றுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

தொப்பிக்காரர் கண் கலங்கிவிட்டார். சிங்களத்தில் பொய் சொன்னால் எனக்குத் தமிழைவிட அழகாக வரும்.

"இன்னும் அவள் நடமாட்டம் இருக்கிறதா?" என்றார்.

"காலை பத்து மணிக்கு வெள்ளையாக ஏதோ போகும் சேர்," என்றேன். அது மட்டும் உண்மை. அக்கா பால் வாளியோடு போவதைச் சொன்னேன்.

வீடியோ வந்தது. அதில் என் முகமும் வந்தது. லயமே ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துச் சிரித்தது. அக்கா இரண்டு தடவை பார்த்தாள்.

"ஏன்டா, அந்த தொரசாணிக்குக் கொழந்த குட்டி ஏதும் இல்லயா?"

"அதெல்லாம் யோசிக்கல."

"பங்களா வடக்க இருக்கு, பொந்து தெக்க இருக்கு. அவ ஆத்துக்குப் போறதுக்கு எதுக்குடா நம்ம லயத்துப் பக்கம் சுத்திக்கிட்டு வந்தா?"

கொழும்பிலும் இந்தக் கேள்வியை ஒரு ஆள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பங்களாவும் பொந்தும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க, வந்து பார்க்க வேண்டும்.

பலகை வந்த நாள்

வந்தார்கள். ஆனால் பார்க்க வரவில்லை, பலகை நட வந்தார்கள்.

வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தது எந்த அரசாங்கக் காரியாலயம் என்று எழுதமாட்டேன். எழுதினால் அவர்கள் இந்தத் தொடருக்கும் ஒரு பலகை நட்டுப் பூட்டிவிடுவார்கள்.

முதலில் நாலு பேர் வந்து பொந்தைச் சுத்தம் செய்தார்கள். வவ்வாலை விரட்டினார்கள். தரையைக் கழுவினார்கள். வலது பக்கச் சுவரில் ஏதோ அசிங்கமாகப் புடைத்துக்கொண்டிருக்கிறது என்று கத்தியால் சுரண்டி, கம்பியால் நெம்பி, சாக்கில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அது தொடைக்கிற கல்லில் வளர்ந்த ரப்பர். அதற்குள்ளேதான் நான் சொன்ன எல்லா விரலும் இருந்தன. புராதனச் சின்னத்தைப் பாதுகாக்க முதல் வேலையாக, அதில் புராதனமாக இருந்த ஒன்றைச் சுரண்டி எறிந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் திறப்பு விழா. விளக்கு ஏற்றினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். அன்று காலை பால்காரப் பெண்களுக்கு ஒரு உத்தரவு: விழா முடியும்வரை யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது, படத்தில் விழும். வெள்ளைக்காரன் இந்த உத்தரவைப் போட ஒரு சுரங்கமே கட்ட வேண்டியிருந்தது. இவர்கள் ஒரு ஆளை அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். நாடு முன்னேறித்தான் இருக்கிறது.

பலகையில் மேலே பெரிதாக எழுதியிருந்தது: தொரசாணி சுரங்கம், புராதனப் பாதசாரிகள் வழி. அதற்குக் கீழே என் கதை, கொஞ்சம் இலக்கணம் சேர்த்து. அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில்: பாதசாரிகள் உட்செல்லத் தடை.

மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் என் பொய் ஒன்றுதான் தடையில்லாமல் இருந்தது.

காவலுக்கு சுனில் அய்யாவைப் போட்டார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மனிதர், அதிர்ந்து பேசாதவர். சாவி அவரிடம். பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் எடுத்தால் திறப்பார். பால் வாளிக்கு டிக்கெட் கிடையாது.

மறுநாள் காலை அக்கா ரோட்டோரத்தில் நின்றாள். முதலில் நான் சொன்ன அந்தக் காட்சி.

ஹெல்மெட் போட்டவர்களும் போடாதவளும்

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பெண்கள் பூட்டிய கதவுக்கு முன்னால், நிழலில் வாளியை இறக்கி வைப்பார்கள். எல்லாரும் சேர்ந்ததும் படி ஏறி, ஒரு வரிசையாக ரோட்டைக் கடப்பார்கள். ஓடினால் பால் சிந்தும், நடந்தால் வேன் நிற்காது. அக்காவை நடுவில் விட்டு, அவள் இடது பக்கத்தில் ஒருத்தி நடப்பாள். அந்த ஒருத்திதான் அக்காவின் இடது காது.

ஒரு சனிக்கிழமை, இடது காதாக வருகிறவளுக்குக் காய்ச்சல். வேறு ஒருத்தி வந்தாள், அவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. முன்னால் போய்விட்டாள்.

நான் ஸ்டாண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வளைவில் வேனின் ஹோன். எல்லாரும் ஓடிவிட்டார்கள். அக்காவுக்குச் சத்தம் வலது காதில் விழுந்திருக்கிறது. வலது பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. ரோடு காலியாக இருக்கிறது என்று ஒரு அடி எடுத்து வைத்தாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

வேன் பிரேக் அடித்து, சறுக்கி, பக்கக் கண்ணாடி வாளியில் இடித்து நின்றது. ஒரு வாளி பறந்தது. அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பிலிருந்து பாதம்வரை பால். ரோடு முழுக்கப் பால்.

வேனிலிருந்து பத்துப் பேர் இறங்கினார்கள். ஆற்றுக்குப் போகிறவர்கள். எல்லார் தலையிலும் ஹெல்மெட், எல்லார் நெஞ்சிலும் மிதவை அங்கி. அபாயத்தை அனுபவிக்கக் காசு கட்டி வந்தவர்கள் அவ்வளவு பத்திரமாக இருந்தார்கள். ஒருத்தி அக்காவுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டினாள். நல்ல பிள்ளை.

நான் ஓடிப்போய் அக்காவைத் தூக்கினேன். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மிச்சமிருந்த வாளியைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஒரு வாளி மிச்சம்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "எனக்குக் கேக்கலடா," என்றாள்.

எனக்குத் தெரிந்து அக்கா தன் காதைப் பற்றி வாய் திறந்து சொன்னது அன்று ஒரு தடவைதான்.

உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை

திங்கட்கிழமை, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு காரியாலயத்துக்குப் போனேன். பலகைக்குத் தமிழ் எழுதியவர் தவராசா சேர். யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் கோப்பு மலை, மலைக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் அவர்.

"இரும் தம்பி. என்ன விசயம்?"

"சேர், அந்த தொரசாணி கத பொய்ங்க. நான்தான் சொன்னேன். அப்படி ஒரு தொரசாணியே கெடயாதுங்க."

கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் என்ன வேலை செய்யிறீர்?"

"ஆட்டோ ஓட்றேன் சேர்."

"ஆட்டோ ஓடுற உமக்கு எப்பிடித் தெரியும், தொரசாணி இருக்கேல்லை எண்டு?"

"நான்தானே சேர் அவங்கள உண்டாக்குனேன்."

"அதுக்கு ஆதாரம் இருக்கோ?"

"பொய்க்கு எங்க சேர் ஆதாரம்?"

"அப்ப நீர் சொல்லுறது பொய் எண்டதுக்கும் ஆதாரம் இல்லை." கோப்பு ஒன்றை இழுத்துத் திறந்து காட்டினார். என் கதை, கீழே கையெழுத்து, அதற்குக் கீழே முத்திரை, பக்கத்துக்குப் பக்கம். "இஞ்ச பாரும். எட்டுப் பேர் கையெழுத்து வைச்சிருக்கினம். உம்மட்டை என்ன இருக்கு?"

என்னிடம் ஒரு லைசன்ஸ் இருந்தது. காட்டவில்லை.

"சேர், கத இருந்துட்டுப் போகட்டும். கதவத் தொறந்து வுடுங்க. எங்க அக்காவுக்கு ஒரு காது கேக்காதுங்க. சனிக்கெழம வேன்ல அடிபட வேண்டியவ. அது ஆளுங்க நடந்து போறதுக்குன்னே கட்டுன பொந்துதானேங்க. பலகையிலயே பாதசாரிகள் வழின்னு நீங்கதானே எழுதிருக்கீங்க."

"அது சரித்திரத்தில தம்பி. இப்ப இல்லை."

கேலி செய்யவில்லை, மனிதர் நிஜமாகவே சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். மேசைக்குக் கீழிருந்து ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தார்.

"அனுமதிக்கு விண்ணப்பம் போடும். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டு. காரணம் எழுத வேணும். மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறன்."

"எவ்வளவு நாளாகும் சேர்?"

"உம்மடை கதை பலகையாக எட்டு மாசம் எடுத்தது. அதுவே கெதியாப் போனது."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் படிவத்தைக் கொடுத்தேன். சோறு போட்டுக்கொண்டே காரணம் என்ற இடத்தை வாசித்தாள்.

"பொய்ய வாயால சொன்னப்ப அப்படியே எடுத்துக்கிட்டாங்க. உண்மைக்கு பாரம் நெரப்பணுமாக்கும்." படிவத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த அடுப்பங்கரை அலுமாரியின் காலுக்குக் கீழே வைத்தாள். அலுமாரி நின்றது. அந்தப் படிவத்தால் நடந்த ஒரே நல்ல காரியம்.

"அப்ப என்னாக்கா செய்யப்போற?"

"வேல செய்யப்போறேன். வேற என்ன."

பூட்டில் விளைந்த ரப்பர்

அதற்குப் பிறகு இரண்டு வாரம் டிக்கெட் எடுக்க ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு பெரிய கூட்டம் வந்தது. கொழும்பிலிருந்து இரண்டு பஸ். முன்னால் ஒரு கறுப்பு ஜீப்பில் மேலிடம். கூடவே தவராசா சேர், கையில் மாலை.

சுனில் அய்யா சாவியைப் போட்டார். சாவி பாதிதான் போனது. திருப்பினார், திரும்பவில்லை. இழுத்தார், வரவில்லை. மேலிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. சுனில் அய்யா குனிந்து பூட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"மல்லி, மே ரப்பர் நே," என்றார் என்னிடம். தம்பி, இது ரப்பர் அல்லவா என்று அர்த்தம்.

நானும் குனிந்து பார்த்தேன். பித்தளையே தெரியவில்லை. பூட்டின் மேல் பழுப்பாக, பூச்சுப் பூச்சாக, ஒரு எலுமிச்சம்பழம் பருமனுக்கு ரப்பர். சாவி ஓட்டைக்குள்ளும் அதுவே.

எனக்கு விளங்கிவிட்டது. தொடைக்கிற கல்லு பூட்டிய பொந்துக்குள் இருக்கிறது. பெண்கள் தினமும் கதவுக்கு முன்னால்தான் வாளியை இறக்குகிறார்கள். இறக்கினால் விரலைத் துடைக்க வேண்டும். கைக்கு எட்டும் உயரத்தில் என்ன இருக்கிறது? பூட்டு இருக்கிறது.

யாரும் குற்றம் செய்யவில்லை. எல்லாரும் விரலைத்தான் துடைத்தார்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்து அவர்கள் வாளியோடு வந்து சேர்ந்தார்கள். சுனில் அய்யா அக்காவிடம் பூட்டைக் காட்டினார். அக்கா வாளியை இறக்கி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "வெஸ்ஸ நே அய்யே," என்றாள். மழைதானே அண்ணே.

பத்து நாளாக மழையே இல்லை.

"ஆமாங்க," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "இந்த மழைக்கு எங்க வூட்டுப் பூட்டெல்லாம் இப்பிடித்தான் பூத்துப்போச்சு."

"ஒங்க வூட்டுக்குப் பூட்டு ஏதுடி?" என்றாள் இன்னொருத்தி.

"அதான் சொல்றேன், பூத்துப்போச்சு."

டயர் கடையிலிருந்து கிரைண்டர் கொண்டுவரச் சொன்னார்கள். என் ஆட்டோவில்தான் போனேன். மெதுவாகப் போனேன். பூட்டை அறுத்தபோது எரிந்த ரப்பர் வாசனையில் மேலிடம் இருமியது, மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது.

மறுநாள் புதுப் பூட்டு. அதைவிடப் பெரியது. துடைக்க இன்னும் வசதி. ஒரு கிழமை தாங்கியது. மூன்றாவது பூட்டுக்கு பிளாஸ்டிக் மூடி எல்லாம் இருந்தது. மூடியோடு சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டது.

மூன்றாவது தடவை தவராசா சேர் தனியாக வந்தார். குந்தி உட்கார்ந்து பூட்டை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அமுக்கினார். மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். எல்லாரும் அப்படித்தான், ஒரு தடவையோடு விடமுடியாது.

அப்போது பெண்கள் படியேறி ரோட்டைக் கடக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அக்கா வழக்கம்போல உடம்பைத் திருப்பி, வலது காதை வளைவுக்குக் கொடுத்து நின்றாள்.

"அவவோ உம்மடை அக்கா?"

"ஆமாங்க சேர்."

அவள் கடந்து முடியும்வரை எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து குறிப்புப் புத்தகம் எடுத்து எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார்.

"இவ்விடத்துக் காலநிலைக்குப் பூட்டு வகைகள் எதுவும் பொருந்தா. கயிற்றால் கட்டி வைத்தல் போதுமானது."

"சேர்," என்றேன்.

"என்ன?"

"இதுக்கு ஆதாரம் இருக்குங்களா?"

"மூண்டு பூட்டு இருக்கு," என்றார். "நீர் உம்மடை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும். கடைசியா அது திறந்ததுக்குத்தான் இவ்வளவும்."

வழி விடுங்கள்

இப்போது கதவில் ஒரு கயிறு. காலை பத்து மணிக்கு அவிழும். பெண்கள் போய்வந்த பிறகு சுனில் அய்யா கட்டிவிடுவார். தடை இன்னும் பலகையில் சிவப்பாக இருக்கிறது. அதைத் துடைக்க மேலிடத்துக்கு எழுத வேண்டுமாம். எழுதட்டும்.

நான் இப்போது அந்தப் பொந்துக்கு வழிகாட்டி. சிரிக்காதீர்கள். வருகிறவர்கள் தொரசாணி கதையைத்தான் கேட்கிறார்கள். உண்மையையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒருவர் கேமராவை அணைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு கூட்டத்தோடு உள்ளே நின்றுகொண்டிருந்தேன். புதுச் சட்டை, வெள்ளை. விளக்கு, வெயில், ஆறு என்று கதை நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அப்போது மேல்வாயில் வெளிச்சம் மறைந்தது. காலடிச் சத்தம். ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருட்டுக்குள் முதலில் தெரிந்தது இரண்டு வெள்ளை வட்டம். வாளி நிறையப் பால்.

"யார் அது?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

"தொரசாணி வர்றாங்க," என்றேன். "செவுத்தோட ஒதுங்கி வழி வுடுங்க."

எல்லாரும் ஒதுங்கினார்கள். கேமராவெல்லாம் தாழ்ந்தது. அக்கா நிமிர்ந்த தலையோடு, இரண்டு பக்கமும் ஆள் வரிசையாக நிற்க, நடுவில் நடந்து வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவளுக்குப் பின்னால் மற்ற தொரசாணிகளும் வந்தார்கள்.

துருத்திய கல்லுக்குப் பக்கத்தில் வாளியை இறக்கினாள். கை மாற்ற வேண்டும். விரலைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள், அதில் ஏற்கெனவே ஒரு காசளவு பழுப்பு ஏறியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

இந்தத் தடவை குனிந்து பார்க்க அங்கே டயர் எதுவும் இல்லை.

இரண்டு விரலையும் என் புதுச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, மேலிருந்து கீழ்வரை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தாள்.

"கதைய நிறுத்தாத," என்றாள். "சொல்லு. அந்த தொரசாணிக்கு ஒரு தம்பி இருந்தானாமே, அவன் என்னா ஆனான்?"